செம்பனைக் காட்டில் ஹெலிபேட்: ஆட்சேபிக்கும் உரிமை யாருக்கு?

ஊரில் இப்போது இரண்டே பேச்சுதான், ஒன்று செம்பனை (எண்ணெய்ப்பனை) விலை, இன்னொன்று ஹெலிகாப்டர். நம் தோட்டத்தின் ஒரு பிரிவான பழைய மூன்றாம் டிவிஷனை வாங்கிய கம்பெனி அங்கே ஓய்வு விடுதி கட்டப்போகிறதாம், கோலாலம்பூரிலிருந்து வசதியான விருந்தாளிகள் பறந்து வந்து இறங்க ஒரு ஹெலிபேடும் போடப்போகிறதாம். தேத்தண்ணிக் கடையில் ஆளுக்கொரு சட்டம் பேசுகிறார்கள். "விமான இலாகா ஓகே சொல்லிட்டா முடிஞ்சிச்சு தம்பி, அப்புறம் யாரும் வாயைத் திறக்க முடியாது" என்று தலைவர் ஒருவர் அடித்துச் சொன்னார். பாதிதான் சரி. மீதிப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விமானப் போக்குவரத்து மத்திய அரசின் அதிகாரம். 2018-இலிருந்து அதைப் பார்ப்பது மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையம், நாம் காம் என்று சொல்வது. அந்த இடத்தில் பாதுகாப்பாக இறங்கி ஏற முடியுமா என்பதுதான் அவர்கள் கவலை. மண் விஷயம் வேறு. நிலம் மாநிலத்தின் கையில், நகர்ப்புறத் திட்டமிடல் இரண்டு அரசுக்கும் பொது, அந்தக் காட்டை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் (சட்டம் 172) கீழ் ஊராட்சி மன்றம்தான் தீர்மானிக்க வேண்டும். மன்றம் தரும் அந்தத் திட்டமிடல் அனுமதிக்குப் பெயர் கெபெனாரான் மெரஞ்சாங். காம் தலையாட்டினாலும் இது இல்லாமல் நடக்காது.

"கட்டடமே இல்லையே, சும்மா புல்லை வெட்டி எச் எழுத்து போடப்போறாங்க, அதுக்கு என்ன பெர்மிட்" என்றும் ஒருவர் கேட்டார். அந்தச் சட்டத்தில் மேம்பாடு என்றால் கட்டடம் எழுப்புவது மட்டும் கிடையாது, நிலத்தின் பயன்பாட்டைக் கணிசமாக மாற்றினாலும் மேம்பாடுதான். கும்பாபிஷேகத்துக்கு ஒரு நாள் ஹெலிகாப்டர் வந்து பூத்தூவிவிட்டுப் போவது, வெள்ளத்தில் பொம்பாவின், அதாவது தீயணைப்புத் துறையின், ஹெலிகாப்டர் பள்ளித் திடலில் இறங்குவது, இதெல்லாம் வேறு. வாரா வாரம் விருந்தாளி வந்து இறங்கினால் செம்பனைக் காடு வேறொன்றாகிவிட்டது என்று அர்த்தம். அனுமதி இல்லாமல் செய்தால் 5 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆகவே "முதல்ல கட்டிட்டு அப்புறம் மனு போடுவாங்க" என்று பயப்படுகிறவர்களுக்குச் சட்டத்தில் பல் இருக்கிறது. கடிக்கிறதா என்பது வேறு கதை.

சரி, நாம் என்ன செய்யலாம்? முதலில் மண்டலம் என்ன என்று பாருங்கள். திட்டமிடல் இலாகாவான பிளான்மலேசியாவின் ஐபிளான் இணையத்தளத்தில் நம் மாவட்டத்து ரஞ்சாங்கான் தெம்பாத்தான், அதாவது உள்ளூர்த் திட்டம், வரைபடமாகவே கிடைக்கிறது. நான் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தேன், மூன்றாம் டிவிஷன் முழுக்க விவசாயம். உள்ளூர்த் திட்டத்துக்கு முரணான எதற்கும் மன்றம் அனுமதி கொடுக்கக்கூடாது என்று அதே சட்டம் 22-ஆவது பிரிவில் சொல்கிறது. விவசாய மண்டலத்தில் இந்த விடுதிக்கும் ஹெலிபேடுக்கும் இடமில்லை என்றால் முதலில் திட்டத்தையே திருத்த வேண்டும், திருத்துவதென்றால் பொதுமக்களுக்கு அறிவித்து ஆட்சேபம் கேட்க வேண்டும். கிரானில், அதாவது நிலப்பட்டாவில், விவசாயம் என்று போட்டிருந்தால் நில அலுவலகத்திலும் அதைத் தனியாக மாற்ற வேண்டும், அது தேசிய நிலச் சட்டத்தின் 124-ஆவது பிரிவு. இன்னொன்றும் கேட்கலாம். 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தை விற்பதற்கோ துண்டு போடுவதற்கோ தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும், அது வாங்கப்பட்டதா?

இப்போது எனக்கு உறுத்துகிற இடத்துக்கு வருகிறேன். உள்ளூர்த் திட்டம் இல்லாத இடமாக இருந்தால் மன்றம் அண்டை நிலத்துக்காரர்களுக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அண்டை நிலம் என்றால் ஒட்டியிருக்கும் நிலம், 20 மீட்டர் அகலத்துக்கு மேற்படாத சாலையோ கால்வாயோ மட்டும் நடுவில் இருக்கும் நிலம், போகும் வழி முட்டுச் சந்தாக இருந்தால் 200 மீட்டர் வரை இருக்கும் நிலம். கவனியுங்கள், நிலத்துக்குச் சொந்தக்காரர். குடியிருப்பவர் இல்லை. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பத்துக்கு அந்த நோட்டீஸ் வராது, ஏனென்றால் லயம் கம்பெனிச் சொத்து. அம்மன் கோயில் நம் தாத்தாக்கள் கட்டியது, நிலம் யார் பெயரில்? அதுவும் தோட்டத்து மண்தான். ஆக ஹெலிகாப்டர் சத்தம் யார் தலைக்கு மேல் போகுமோ அவர்களில் பெரும்பாலோர் காகிதத்தில் அண்டை வீட்டாரே கிடையாது. தோட்டச் சாலைக்கு எதிரே இருக்கும் தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், முதல் வரிசை வீட்டுக்காரர்கள் மட்டும்தான் கிரானோடு அந்த வரையறைக்குள் வருகிறார்கள். அவர்களும் ஆட்சேபம் போட்டிருந்தால்தான் பிறகு மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போக முடியும், சும்மா இருந்தால் அந்தக் கதவும் மூடிக்கொள்ளும். உள்ளூர்த் திட்டம் இருக்கிற ஊரில் இந்த நோட்டீஸ் கட்டாயமும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், லயத்துக்காரர்களுக்குத் திறந்திருக்கிற ஒரே வாசல் திட்டத் திருத்தம், அதைத் தவறவிடக்கூடாது.

சத்தத்தை மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம், உயரத்தையும் பேச வேண்டும். ஹெலிகாப்டர் சினிமாவில் காட்டுகிற மாதிரி நேராக மேலிருந்து தொப்பென்று இறங்குவதில்லை, பெரும்பாலும் சரிவாக வந்து சரிவாகப் போகும். அந்தச் சரிவுப் பாதையில் தடை எதுவும் துருத்திக்கொண்டிருக்கக்கூடாது. அனைத்துலக விமானத் துறையின் விதியில் சரிவு மூன்று வகை: 4.5, 8, 12.5 விழுக்காடு. கடைசி வகையிலேயே இறங்குதளத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்கும் மரம் 12.5 மீட்டரைத் தாண்டக்கூடாது, முதல் வகையில் நாலரை மீட்டர்தான். கோயில் வாசலில் நின்று பார்த்தால் தெரியும், அங்கே நிற்கும் வயதான செம்பனை அதைவிட உயரம். அதை வெட்டிவிடுவார்கள். ஆனால் கோயில் கமிட்டி ராஜகோபுரத்துக்கு நிதி திரட்டிக்கொண்டிருக்கிறதே, நாளைக்குப் பாதை அந்தப் பக்கமாக அமைந்துவிட்டால் கோபுரத்தின் உயரத்துக்கு யார் பதில் சொல்வது? ரசீது புத்தகத்தோடு வீடு வீடாக வருகிற அண்ணன்மார்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஹெலிகாப்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2014-இல் கிளந்தான் வெள்ளத்தில் அதன் அருமையைப் பார்த்தோம். ஒரு மருத்துவமனைக்கு, வெள்ளைச் சிலுவைக்குள் சிவப்பு எச் போட்ட தளம் கேட்டால் நானே கையெழுத்து வாங்கித் தருவேன். வார இறுதிக்குக் கோழிக்கறி சாப்பிட வருகிறவர் இறங்குவதற்கு நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார வேண்டுமா என்பதுதான் கேள்வி.

வந்துதான் தீரும் என்றால் நிபந்தனைகளை அனுமதிக் கடிதத்திலேயே எழுத வைக்க வேண்டும்: பகலில் மட்டும், வாரத்துக்கு இத்தனை முறை, பள்ளிக்கும் கோயிலுக்கும் மேலே பறக்காமல், மருத்துவ அவசரத்துக்கு மட்டும் விலக்கு. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஈஸ்ட் ஹாம்ப்டன் என்ற ஊர் உதாரணம். நியூயார்க்கிலிருந்து பணக்காரர்கள் ஹெலிகாப்டரில் வந்து இறங்கும் ஊர் அது, சத்தம் தாங்காமல் 2015-இல் தங்கள் சொந்த விமான நிலையத்துக்கு இரவு நேரத் தடை போட்டார்கள். மத்திய அரசின் நடைமுறையைப் பின்பற்றவில்லை என்று 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்திவிட்டது. அவர்கள் சட்டம் வேறு, நம் சட்டம் வேறு, ஆனால் இயங்க ஆரம்பித்த ஒன்றுக்குக் கடிவாளம் போடுவது எங்கேயும் சுலபமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் உட்காருகிறோம். தாமான் முதல் வரிசைக்காரர்கள் கிரான் நகலும் இந்த வருட நிலவரி ரசீதும் கொண்டு வாருங்கள். லயத்துக்காரர்கள் அடையாள அட்டை நகல் மட்டும் கொண்டு வந்தால் போதும், திட்டத் திருத்தத்துக்கான ஆட்சேபக் கடிதத்தை மலாயில் நான் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன்.