மலைக்குத் திருப்பிய அன்ரெனா

நான் எமது பாடசாலையில் க.பொ.த. உயர்தரம் படித்த 1988 இல், யாழ்ப்பாணத்து வீட்டுக் கூரைகளுக்கு மேலே நீண்ட இரும்புக் குழாய்களில் கட்டப்பட்டிருந்த அன்ரெனாக்கள் பல, மேற்கே தமிழ்நாட்டின் கொடைக்கானல் மலையில் இருந்த இந்திய அரச தொலைக்காட்சியான தூரதர்ஷனின் ஒளிபரப்புக் கோபுரத்தை நோக்கியே நின்றன. தூரதர்ஷன் தெளிவாகத் தெரியும் இரவுகளும் உண்டு. திரை முழுவதும் பூச்சி பறக்கும் இரவுகளும் உண்டு. இதன் காரணத்தைக் கேட்டபோது பௌதிகவியல் ஆசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டு, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை ஏறத்தாழ 4.1 ஆல் பெருக்கினால் அலை தடையின்றிச் செல்லும் தூரம் கிலோமீற்றரில் கிடைக்கும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினார். கொடைக்கானலின் 2,100 மீற்றர் உயரத்துக்கு 190 கிலோமீற்றர் அளவில் வந்தது. நாங்களோ 280 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தோம். மிகுதித் தூரத்தை, பாக்கு நீரிணையின் மேல் படியும் ஈரக்காற்றுக்குள் வளைந்து வளைந்து அலை கடக்கிறது என்றார். கீரிமலை என்று பெயரில் மட்டுமே மலை வைத்திருந்த குடாநாட்டில் பிறந்த எனக்கு, மலை என்பது அலைகளுக்கு வாய்த்த மேடை என்றே மனதில் பதிந்தது.

சுவிற்சர்லாந்தின் துன் நகரில் குடியேறி, பொழுதுபோக்காக வானொலியில் பிறரோடு பேசும் அமெச்சூர் வானொலி உரிமம் பெற்று, 144 மெகாஹேர்ட்ஸில், அதாவது 2 மீற்றர் அலையில், இத்தாலியை அழைத்து விடையின்றி இருந்தபோதுதான் மறுபக்கம் தெரிந்தது. தெற்கே 2,362 மீற்றர் உயர்ந்து நிற்கும் மலையின் பெயர் நீசன். தமிழில் எழுதக் கூசுகிறது, ஆனால் அன்றைக்குப் பொருத்தமாகவே பட்டது. மலைமுகட்டில் பட்ட அலை ஓரளவு வளைந்து அப்பாலுள்ள நிழலுக்குள் இறங்கும்தான். எனினும் பார்வைக்கோடு முகட்டைத் தொட்டுச் செல்லும்போதே வலு நாலில் ஒரு பங்காகிவிடும். நிழலுக்குள் ஆழப் போகப்போக, 2 மீற்றர் அலையை விட 70 சென்ரிமீற்றர் அலை விரைவாகத் தேய்ந்துவிடும். நெடுந்தூரப் பாதையின் நடுவே தனித்த கூரிய முகடொன்று நின்றால், வெறும் நிலத்தின் வளைவைத் தாண்டி வருவதிலும் வலுவான சமிக்ஞை கிடைப்பதுண்டு. எனக்கு வாய்த்ததோ முகட்டுக்குப் பின்னால் முகடு.

குன்றுக்கு அப்பால் வசித்த நண்பரின் குரல்கூட நேர்த்திசையில் கேட்கவில்லை. இருவரும் யுங்ஃபிராவ் மலைப் பக்கம் அன்ரெனாவைத் திருப்புங்கள் என்று மூத்த அமெச்சூர் ஒருவர் சொன்னார். கூரையில் அன்ரெனாவைச் சுழற்றும் மோட்டார் உறுமியபடி அதைத் தென்கிழக்கே நகர்த்த, 4,158 மீற்றர் உயரப் பனிமலையில் பட்டுத் திரும்பிய குரல் சற்று நடுக்கத்துடன் வந்தது. வெவ்வேறு பாறை முகங்களில் பட்ட அலைகள் நொடியின் நுண்பகுதி முன்பின்னாக வந்து கலப்பதால் ஏற்படும் நடுக்கம் அது. அன்றைய பதிவேட்டில் திசைக்குரிய கட்டத்தில் நண்பரின் ஊரை எழுதாமல் மலையின் பெயரை எழுதினேன்.