யார் பெயரில் யார் உழைத்தது

நூறு நாள் வேலைத் திட்டத்தின் சமூகத் தணிக்கையில், என்எம்ஆர் எனும் வருகைப் பட்டியலையும் ஆளையும் ஒத்துப் பார்ப்பதுதான் என் வேலை. மன்னார் வளைகுடாக் கரை ஊர்களில் நான் காலண்டரையும் பார்ப்பேன். கடல்பாசி எடுக்கும் பெண்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, தண்ணீர் வற்றும் நாட்களில்தான் கடலில் இறங்குவார்கள். அதே தேதிகளில் ஊரணி தூர்வாரும் இடத்தில் அவர்கள் பெயரில் வருகை விழுந்திருந்தால் கேட்டே ஆக வேண்டும்.

பாசி எடுக்கும் ஒரு அக்காவின் பெயர் அப்படித்தான் சிக்கியது. கூலியும் அவர் கணக்கில் ஏறியிருந்தது.

"உங்க பேர்ல வேற யாரோ வேலை பாத்திருக்காங்கக்கா, தெரியுமா?"

"தெரியும் தம்பி, எங்க நாத்தனாதான். அவ வேல அட்டையத்தான் வெட்டி விட்டுட்டீகளே. பணத்த எடுத்து அவ கையிலதான் குடுத்தேன்."

சொல்லிக்கொண்டே விரல்களில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். பாறை கீறிக் கீறி ரேகையே தெரியாத விரல்கள். அந்தப் பணத்தை எடுக்கவே கைரேகை மிஷினில் எத்தனை முறை வைத்தாரோ.

நாத்தனாருக்கு ஆதாரில் ஒரு பெயர், அட்டையில் ஒரு பெயர். 2024 ஜனவரி முதல் ஆதார் வழியாகத்தான் கூலி என்றானதும் அவர் நின்றுபோனார். வேலை நடக்கும் இடத்தில் தினம் இரண்டு போட்டோ எடுத்தார்கள். வெயிலுக்கு முக்காடு போட்ட பெண்களில் யார் யாரென்று எதைப் பார்த்துச் சொல்வது?

ஆள்மாறாட்டம் என்றுதான் எழுதினேன். எழுதத்தான் வேண்டும். பக்கத்து ஊரில், சவூதியில் இருப்பவர் பெயரில் வருகை போட்டு, அவருக்கே தெரியாத கணக்குக்குக் கூலி போனதைப் பிடித்துக் கொடுத்ததும் இதே ஒப்பீடுதான். ஓரிடத்தில் விட்டால் அங்கேயும் 'சொந்தக்காரங்கதான் சார்' என்று மூடிவிடுவார்கள்.

ஆனாலும் மண் வெட்டியவருக்குத்தானே கூலி போய்ச் சேர்ந்தது? குடும்பத்துக்கு ஆண்டுக்கு 100 நாள் என்றிருந்த கணக்கில் குறைந்தவை அக்காவின் நாட்கள். மீன்பிடித் தடைக்காலத்துக்கு வைத்திருக்க வேண்டியதை நாத்தனாருக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். படிவத்தில் இரண்டு ஊருக்கும் ஒரே வாசகம். குறிப்பில் நான் எழுதிய நான்கு வரியை கிராம சபையில் யாரும் வாசிக்கவில்லை. திருப்பிக் கட்டச் சொன்னது அக்காவை.

அட்டையை நீக்கியது ஏன் என்ற கேள்வி எந்தப் படிவத்திலும் இல்லை. அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது மேலே எழுதிக் கேட்டிருக்கிறேன். வசூல் நோட்டீஸ் அதற்கு முன்பே போய்விட்டது.