சிறுநீரில் நுரை, முகத்தில் க்ரீம்

முதலில் கண்ணில் பட்டது மெட்டிதான். கழற்ற வரவில்லை. பகலெல்லாம் வகுப்பில் நின்றுகொண்டே இருக்கிறோம், அதனால்தான் கால் வீங்குகிறது என்று விட்டுவிட்டேன். பிறகு காலையில் எழுந்தால் கண்ணைச் சுற்றி வீக்கம். கணுக்காலை விரலால் அழுத்தினால் விழுந்த குழி அப்படியே நின்றது. சிறுநீரில் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரை. இரண்டு தடவை தண்ணீர் ஊற்றினாலும் போகவில்லை.

எங்கள் தெரு டாக்டர் யூரின் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் சிறுநீரக மருத்துவரிடம் அனுப்பிவிட்டார். 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துவரச் சொன்னார்கள். இதைச் செய்யப் போகிறவர்கள் கவனியுங்கள்: முதல் நாள் காலையில் எழுந்ததும் போவதைக் கேனில் பிடிக்கக் கூடாது, மறுநாள் அதே நேரத்தில் போவதைப் பிடிக்க வேண்டும். நான் மாற்றிச் செய்து, எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். 150 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டிய புரதம், ஒரு நாளைக்கு 6 கிராம் போய்க்கொண்டிருந்தது.

"வேற மருந்து ஏதும் எடுக்கிறீங்களாம்மா? நாட்டு மருந்து, பஸ்பம், செந்தூரம்?"

"இல்லை சார்" என்றேன். மனசறிந்து பொய் சொல்லவில்லை. க்ரீமை யார் மருந்தாக நினைப்பார்கள்?

சிறுநீரகத்திலிருந்து துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிக்குக் குப்புறப் படுக்க வைத்து, முதுகில் மரத்துப்போக ஊசி போட்டார்கள். ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம், இரண்டு தடவை. வலி குறைவு, அதன்பின் மணிக்கணக்கில் அசையாமல் மல்லாந்து கிடந்ததுதான் கஷ்டம். சிறுநீர் சிவப்பாகப் போகிறதா என்று நர்ஸ் வந்து வந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

முடிவு வந்தது: மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதி, அதாவது சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்வு கெட்டுப் புரதம் ஒழுகும் நோய். கூடவே நெல்-1 பாசிட்டிவ், அதாவது அந்தச் சவ்வில் நெல்-1 என்ற புரதம் படிந்திருந்தது. டாக்டர் ரிப்போர்ட்டை மூடிவைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். "முகத்துக்கு என்னம்மா போடுறீங்க?"

மறுநாள் கொண்டுபோய்க் காட்டினேன். வெள்ளை நிறத்தில் சின்ன டப்பா. தயாரித்தவர் பெயர் இல்லை, என்ன கலந்திருக்கிறது என்றும் இல்லை. தெரிந்த பார்லரில் வாங்கியது. எட்டு மாதம், தினமும் ராத்திரி பட்டாணி அளவு. இரண்டு வாரத்திலேயே முகம் வெளுத்தது. ஒரு கல்யாண வீட்டில், சின்ன வயதிலிருந்து என்னைக் கறுப்பி என்று கூப்பிட்ட அத்தையே "பளிச்சுனு ஆயிட்டியேடி" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே இரண்டாவது டப்பா வாங்கினேன்.

க்ரீமில் பாதரசம் இருக்கிறது என்று டாக்டர் விளக்கினார். தோலுக்கு நிறம் தரும் மெலனினை உண்டாக்கும் நொதியைப் பாதரசம் தடுத்துவிடும், அதனால் வெளுக்கும். தோல் வழியாக உள்ளே போவது சிறுநீரகத்தில் போய்த் தங்கும். மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 முதல் 2023 வரை இந்த நோயோடு வந்த 22 பேரில் 15 பேருக்கு நெல்-1 பாசிட்டிவ். அந்தப் 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். கண் பகுதிக்கானவை தவிர மற்ற அழகுப் பொருட்களில் பாதரசம் 1 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு விதி. என் டப்பாவில் பல ஆயிரம் பிபிஎம்.

எனக்கு ரத்தம், சிறுநீர் இரண்டிலும் பாதரசம் பார்த்தார்கள். மீன் சாப்பிட்டால் அதிலுள்ள பாதரசமும் ரத்தத்தில் சேர்ந்து காட்டும் என்பதால் சில நாள் மீன் வேண்டாம் என்றார்கள். க்ரீமிலிருந்து வந்ததைக் காட்டிக்கொடுப்பது சிறுநீர்தான்.

அடுத்து அவர் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "வீட்ல எல்லாருக்கும் டெஸ்ட் எடுங்க." என் மகளுக்கு நாலு வயது. என் கன்னத்தில் கன்னத்தை ஒட்டிக்கொண்டுதான் தூங்குவாள். ஒரே தலையணை, ஒரே துண்டு. ஒரு நாள்கூட க்ரீம் தொடாத அவள் சிறுநீரிலும் பாதரசம் இருந்தது. நல்லவேளை, புரதம் போகவில்லை. லேப் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். அன்று ராத்திரியே தலையணை, உறை, துண்டு எல்லாவற்றையும் ஒதுக்கிக் கட்டிவைத்தோம்.

எனக்கு ஸ்டீராய்டு தரவில்லை. க்ரீமை நிறுத்திப் பார்ப்போம் என்று, புரதம் போவதைக் குறைக்கும் டெல்மிசார்டன் என்ற ரத்த அழுத்த மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, உப்பைக் குறைத்த சாப்பாடு. சிறுநீரில் போன புரதம் மூன்றாம் மாதம் 3.5 கிராம், ஏழாம் மாதம் 900 மில்லிகிராம், பதினோராம் மாதம் 200. மகளின் அடுத்த ரிப்போர்ட் சரியாக வந்துவிட்டது. என் முகம் பழைய நிறத்துக்குத் திரும்பிவிட்டது.

பார்லர் அக்காவிடம் நேரில் போய்ச் சொன்னேன். கோபத்தோடுதான் போனேன். அவரும் இரண்டு வருஷமாக அதையே பூசிக்கொண்டிருந்தார். மறுநாள் யூரின் டெஸ்ட்டுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். புரதம் இரண்டு பிளஸ். அவருக்கும் போய்க்கொண்டிருந்தது.