பல் இம்ப்ளான்ட் போட்டால் டப்பாவோடு வரும் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்கள்

கீழ்த்தாடையில் இரண்டு இம்ப்ளான்ட் (பல்செட்டைப் பிடித்து நிறுத்த எலும்புக்குள் வைக்கும் சின்னத் திருகு) போட்டு, அது எலும்போடு சேரும்வரை காத்திருந்து, இனி பல்செட்டை மாட்ட வேண்டியதுதான் பாக்கி என்ற நிலையில் கிளினிக்குக்குப் போனேன். "அந்த டாக்டர் இப்ப இங்க வர்றதில்லைம்மா" என்றார் வரவேற்பில் இருந்த பெண். சரி, வேறு டாக்டர் மாட்டட்டும் என்றேன். அதற்கு என் தாடைக்குள் இருப்பது எந்தக் கம்பெனி இம்ப்ளான்ட் என்று தெரிய வேண்டுமாம். அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. என் பைலைப் பிரித்துக் காட்டினார்கள். "இம்ப்ளான்ட் – 2" என்று ஒரே ஒரு வரி. கம்பெனி பெயர் இல்லை, அளவு இல்லை, எண் இல்லை.

இன்றைக்குப் பல்செட் மாட்டியாகிவிட்டது, நன்றாகவே சாப்பிடுகிறேன். ஆனால் நடுவில் பட்ட அலைச்சல் இன்னும் மனசில் இருக்கிறது. அறுபது தாண்டியவர்கள் நிறையப் பேர் இப்போது இதைச் செய்துகொள்கிறார்கள். இதே இடத்தில் அவர்கள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

எனக்கு மேலும் கீழும் பல் கிடையாது. மேல்செட்டால் தொந்தரவே இல்லை, அது அண்ணத்தில் கவ்விக்கொண்டு நிற்கும். கீழ்செட்டுக்கு அப்படிக் கவ்விக்கொள்ள இடம் கிடையாது. நாக்கு ஒரு பக்கம் தள்ளும், கன்னம் ஒரு பக்கம் தள்ளும். பல் போன பிறகு கீழ்த்தாடை எலும்பு மேல்தாடையைவிட வேகமாகக் கரைந்துகொண்டே போகும் என்பதால் வருஷாவருஷம் ஆட்டம் கூடும். ஒட்டுப் பவுடர் போட்டால் சாம்பார் சாதம் முடிவதற்குள் கரைந்துவிடும். முருங்கைக்காயை மென்று எத்தனையோ காலம் ஆகியிருந்தது. நாலு பேர் நடுவில் பேசும்போது செட் மேலே எழும்பாமல் நாக்கால் அழுத்திப் பிடித்துக்கொண்டே பேச வேண்டும்.

முதல் ஆலோசனையிலேயே ஆறு இம்ப்ளான்ட் வைத்து நிலையான பல்லாகக் கட்டலாம், சில லட்சம் ஆகும் என்றார்கள். கழற்றி மாட்டும் செட் போதும், அதைப் பிடித்து நிறுத்த இரண்டு போட்டால் என்ன என்று நானே கேட்டேன். அதுவும் செய்யலாம் என்று இழுத்தாற்போல் பதில் வந்தது. பின்னால் தஞ்சாவூரில் பார்த்த டாக்டர்தான் விவரமாகச் சொன்னார். கீழ்த்தாடையில் ஒரு பல்லும் இல்லாதவர்களுக்கு இரண்டு இம்ப்ளான்ட் வைத்த பல்செட்டே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002லேயே கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் அறிக்கை கொடுத்திருக்கிறார்களாம். நிலையான பல் வேண்டும் என்பவர்கள் தாராளமாகக் கட்டிக்கொள்ளட்டும். ஆனால் இரண்டில் முடியும் வழி ஒன்று இருப்பதைக் கேட்டால்தான் சொல்கிறார்கள், அதனால் கேளுங்கள்.

சர்க்கரைக்கு மூன்று மாத சராசரி டெஸ்ட், தாடை ஸ்கேன் எல்லாம் தடங்கலில்லாமல் முடிந்தன. இதில் இரண்டு விஷயம். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ வருஷம் ஒரு ஊசியோ எடுப்பவர்கள், டாக்டர் கேட்காவிட்டாலும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அந்த மருந்துகளில் சில, தாடை எலும்பில் கை வைத்தால் புண் ஆறாமல் போகக் காரணமாகலாம். எங்கள் தெருவில் ஒரு அம்மாள் மூட்டு டாக்டரிடம் அந்த ஊசி போட்டுக்கொண்டதைப் பல் டாக்டரிடம் சொல்லாமலே பல் பிடுங்கப் போய்விட்டார். நல்லவேளையாகக் கூடப் போன மருமகள் ஞாபகமாகச் சொன்னாள். இன்னொன்று, ஸ்கேன் சென்டரில் பிலிம் மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். சிபிசிடி என்கிற முப்பரிமாண ஸ்கேன் எடுத்தால் அதன் டைகாம் பைலை, அதாவது கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கும் முழுப் பதிவை, சிடியிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். வேறு டாக்டரிடம் போக நேர்ந்தால் எலும்பின் உயரம், அகலம், நரம்பு ஓடும் இடம் எல்லாவற்றையும் அவர் அளந்து பார்க்க அதுதான் வேண்டும்.

இம்ப்ளான்ட் போட்டது மரப்பு ஊசியில், வலி தெரியவில்லை. மரப்பு இறங்க வேண்டிய நேரம் கழிந்தும் கீழுதடோ மோவாயோ மரத்தே இருந்தால் மறுநாளே போய்க் காட்ட வேண்டும் என்று இம்ப்ளான்ட் போட்ட டாக்டர் சொல்லி அனுப்பினார். அவர் கைவேலையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

ஆனால் போட்ட பிறகு, "பத்து நாளைக்குக் கீழ்செட்டை மாட்டாதீங்க, புண்ணுல அழுத்தும்" என்றார்கள். அதை முன்னாலேயே சொல்ல வேண்டாமா? தேதி குறிக்கும்போதே, அடுத்த வாரம் என் தங்கை மகளுக்குக் கல்யாணம் என்று வரவேற்பில் சொல்லியிருந்தேன். "ரெண்டு நாள்ல சரியாயிடும்மா" என்ற பதிலை நம்பித்தான் வந்தேன். கடைசியில் கீழ்ப்பல் இல்லாமல் முகூர்த்தத்தில் உட்கார்ந்தேன். தங்கை சம்பந்தி வீட்டாரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போய், "எங்க அக்கா, முப்பது வருஷம் டீச்சரா இருந்தாங்க" என்று பெருமையாக அறிமுகம் செய்தாள். வாயைப் புடவைத் தலைப்பால் மறைத்தபடி தலையை மட்டும் ஆட்டினேன். பந்தியில் ரசம் சாதத்தோடு எழுந்துவிட்டேன். வீட்டில் விசேஷம் இருந்தால், "எத்தனை நாள் செட் போடக் கூடாது?" என்று டாக்டரிடமே கேட்டுக்கொண்டு தேதி வாங்குங்கள். வரவேற்பில் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

மூன்று மாதம் கழித்து நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேன். வெளியிலிருந்து வந்துபோகும் டாக்டர் அவர். இம்ப்ளான்ட்டைத் தானே கொண்டுவந்து போடுவாராம். அவர் நம்பர் கேட்டேன், தரக் கூடாது என்றார்கள். மேனேஜரைக் கேட்டேன், மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். அடுத்த தடவையும் மீட்டிங்தான். "எந்தக் கம்பெனியா இருந்தா என்னம்மா, எல்லாம் டைட்டானியம்தான்" என்று வரவேற்பில் இருந்த பெண் சொன்னதைத்தான் என்னால் இன்னமும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போய் வேறொரு டாக்டரைப் பார்த்தேன். எக்ஸ்ரே எடுத்து, மரை அமைப்பையும் கழுத்தையும் பெரிதாக்கிப் பார்த்தார். "மூணு கம்பெனில ஒண்ணா இருக்கலாம்னு தோணுது, ஆனா உறுதியா சொல்ல முடியலைங்கம்மா" என்றார். ஈறுக்கு மேல் தெரிந்த சின்ன மூடியைக் கழற்ற அவரிடம் இருந்த திருகுளிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். ஒன்று நுழைந்தது, ஆனால் ஆடியது. உடனே கையை எடுத்துவிட்டார். பொருந்தாததை வைத்துத் திருகினால் திருகின் தலை வழுக்கிவிடும், அப்புறம் எடுப்பதே கஷ்டம் என்றார். ஒரு கம்பெனி பூட்டை இன்னொரு கம்பெனி சாவியால் திறக்க முடியாது, அவ்வளவுதான் விஷயம். மூடி ஒருவழியாகக் கழன்றாலும், மேலே பொருத்தும் பாகத்தை அதே கம்பெனி மாடலுக்கு, அதே விட்டத்துக்குத்தான் வாங்க வேண்டுமாம்.

அவர்தான் அந்த ஸ்டிக்கரைப் பற்றிச் சொன்னார். ஒவ்வொரு இம்ப்ளான்ட் டப்பாவோடும் பிரித்து ஒட்டுகிற ஸ்டிக்கர் வரும். அதில் கம்பெனி, மாடல், விட்டம், நீளம், லாட் எண் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்பதைக் காட்டும் எண்) எல்லாம் அச்சாகியிருக்கும். ஒன்றை நோயாளி பைலில் ஒட்டி, இன்னொன்றை நோயாளி கையில் கொடுப்பதுதான் முறை.

அடுத்த முறை கிளினிக்குக்கு வெறுங்கையோடு போகவில்லை. என் சிகிச்சைப் பதிவுகளின் நகல் வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதினேன். தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் பதிவுகளைப் பெறுவதும் ஓர் உரிமை என்பதைக் குறிப்பிட்டேன். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் சீலும் கேட்டேன். சீல் என்றதும் மேனேஜர் வெளியே வந்தார். உள்ளே உட்காரவைத்து, தேடிப் பார்க்கச் சொல்கிறேன் என்றார்.

தேடிக் கொடுத்தது அவர் இல்லை. கருவிகளைக் கழுவி வைக்கும் சிஸ்டர் ஒருவர் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அம்மா, கொஞ்சம் இருங்க" என்று உள்ளே போய் ஒரு லாங் சைஸ் நோட்டோடு வந்தார். எந்த ஆபரேஷனுக்கு என்ன செலவானது என்று தன் கணக்குக்காக அவர் வைத்திருந்த நோட்டு. காலி டப்பாவைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஸ்டிக்கரை உரித்து, தேதி போட்டு ஒட்டி வைத்திருக்கிறார். என் தேதிக்குப் பக்கத்தில் இரண்டு ஸ்டிக்கர், ஒன்றின் ஓரத்தில் பழுப்பாக மருந்துக் கறை. கீழே பச்சை மையில் என் பெயர், பிழையில்லாமல். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன். யாரும் சொல்லாமல், சம்பளத்துக்கு மேல் செய்த வேலை அது. போனில் போட்டோ எடுத்துக்கொண்டேன், ஜெராக்ஸில் சீலும் வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு வேலை வேகமாக நடந்தது. தஞ்சாவூர் டாக்டர் ஸ்டிக்கரில் இருந்த விவரத்தைச் சொல்லி லொக்கேட்டர் என்கிற மேல்பாகத்தை வரவழைத்துப் பொருத்தினார். பழைய செட் ஆட்டம் கண்டிருந்ததால் அளவெடுத்துப் புதிதாகவே செய்து, லொக்கேட்டர் மேல் உட்காரும் இரண்டு உலோகக் குப்பிகளைச் செட்டின் அடியில் பதித்தார். குப்பிக்குள் இருக்கும் நைலான் வளையம்தான் செட்டைப் பிடிக்கிறது. அதன் நிறத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எனக்குப் போட்ட வகையில் நிறமில்லாதது சுமார் 2.3 கிலோ இழுவைக்குத்தான் விடும், இளஞ்சிவப்பு 1.4 கிலோ, நீலம் 0.7 கிலோ. முதலில் நிறமில்லாததைப் போட்டுவிட்டார். விரலில் மூட்டுவலி உள்ள எனக்கு ராத்திரி கழற்றவே வரவில்லை. மறுநாள் போய் நீலமாக மாற்றிக்கொண்டேன், அதுவே அசையாமல் நிற்கிறது. அந்த வாரமே முருங்கைக்காய் சாம்பார் வைத்தேன்.

பணம் பேசும்போதும் கவனம் வேண்டும். "ஒரு இம்ப்ளான்ட் இவ்வளவு" என்று சொல்லும் தொகை பல இடங்களில் எலும்புக்குள் போகும் திருகுக்கு மட்டும்தான். லொக்கேட்டர், குப்பி, புதுச் செட், ஸ்கேன் எல்லாம் தனி. "செட் மாட்டி நான் சாப்பிடும்வரை மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நைலான் வளையம் தேயும், அவ்வப்போது மாற்ற வேண்டும், அந்தச் செலவையும் கேளுங்கள். ராத்திரி செட்டைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டு, ஈறுக்கு மேல் நிற்கும் இரண்டு லொக்கேட்டரையும் மெல்லிய பிரஷால் சுற்றித் தேய்க்க வேண்டும். அங்கே அழுக்கு சேர்ந்தால் ஈறு வீங்கும், பிறகு எலும்பும் இறங்கும்.

முதல் கிளினிக்கில் மேல்பாகத்துக்கும் சேர்த்து முன்பணம் கட்டியிருந்தேன். செய்யாத வேலைக்கான அந்தப் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி, ரசீது நகலோடு பதிவுத் தபாலில் எழுதியிருக்கிறேன். ஒப்புகை அட்டை வந்துவிட்டது, பணம் இன்னும் வரவில்லை.