எங்க ஊர்ல மொத்தம் எத்தனை பேர்?

எட்டயபுரம் தாண்டி விளாத்திகுளம் போகிற ரோட்டில் இறங்கி, சீமைக்கருவேலங்காட்டுக்கு நடுவே மூன்று கிலோமீட்டர் உள்ளே நடந்தால் எங்கள் ஊர். 'பட்டி' என்று முடியும் பெயர். அதே பெயரில் பக்கத்திலேயே இன்னொரு ஊர் இருப்பதால் கல்யாணப் பத்திரிகையில்கூட 'எட்டயபுரம் வழி' என்று போட்டாக வேண்டும். கரிசல் மண். ஒரு மழை பெய்துவிட்டால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஊருக்குள் போக முடியும்.

பள்ளியில் ஏதோ ப்ராஜெக்ட் என்று என் மகள் 2011 சென்சஸ் பட்டியலில் ஊரைத் தேடியிருக்கிறாள். கிடைக்கவில்லை. "அப்பா, நம்ம ஊரே இல்ல" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வருஷம் அங்கே வீடு வீடாகப் போய் எழுதியவனே நான்தான்.

பட்டியல் வருவாய்க் கிராமக் கணக்குப்படி வரும். எங்கள் ஊர் அதற்குள் அடங்கிய ஒரு குக்கிராமம். அக்கம்பக்கத்துப் பட்டிகளின் தலைகளோடு எங்கள் தலைகளும் சேர்ந்து ஒரே எண்ணாகிவிடும்.

பிப்ரவரி 9 முதல் 28 வரை எழுதினோம். அந்த இருபது நாளும் ஊர்ப்பக்கமே வராதவரை அந்த வீட்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது, இருக்கிற இடத்தில்தான் எழுதுவார்கள் என்பது விதி. கிழக்குத் தெருப் பாட்டிக்கு இது பிடிக்கவே இல்லை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். "அப்போ எம்மவன் இந்த ஊர்க்காரன் இல்லையாய்யா?" என்று கேட்டு, காப்பி கொடுக்காமலே அனுப்பினார். மற்ற வீடுகளில் குடித்த காப்பிக்குக் கணக்கே இல்லை, அது வேறு.

ஆனால் ஊருக்கென்று வேறொரு கணக்கு உண்டு: தலைக்கட்டு. பங்குனிப் பொங்கலுக்கு அம்மன் கோயில் வரி போடும்போது கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. திருப்பூரில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும் வரி வந்துவிட வேண்டும். அந்த நோட்டில் பாட்டியின் மகன் பெயர் இருக்கிறது. புருஷன் போன பிறகு பாட்டிக்கு வரி இல்லை, அதனால் பெயரும் இல்லை. சென்சஸில் அம்மா மட்டும், கோயில் நோட்டில் மகன் மட்டும். இத்தனைக்கும் வருஷம் முழுக்க அந்தக் கோயில் வாசலைத் தெளித்துக் கோலம் போட்டவர் பாட்டிதான்.

நான் மட்டும் என்ன? பன்னிரண்டு வருஷமாகக் கோவில்பட்டியில் வாடகை வீடு. 2021இல் வந்திருக்க வேண்டிய சென்சஸ் கொரோனாவில் தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளாக வைத்திருக்கிறார்கள். என்னைக் கோவில்பட்டியில்தான் எழுதுவார்கள். வரி மட்டும் ஊரில்.

சரி, பிள்ளைக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சித்தப்பாவுக்கு போன் போட்டேன். வரி நோட்டு அவரிடம்தான். "தலைக்கட்டு அம்பத்தெட்டு" என்று உடனே சொல்லிவிட்டார். நோட்டு வேண்டாம், ராத்திரி ஊரில் படுக்கிற ஆட்கள் எத்தனை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் தெருத் தெருவாக, வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிச் சொல்லி எண்ண ஆரம்பித்தார். மேலத்தெரு முடிய முப்பத்தொன்று. கிழக்குத் தெருவில் நுழைந்ததும் நிறுத்தினார்.

"ஏப்பா, பூட்டிக் கெடக்குற வீட்டையும் சொல்லிக்கிட்டே வரவா, விட்டுட்டுப் போவவா?"