சீகை வெட்டிய மலையில் மண்ணை எடைபோடுகிறவர்கள்

நீலகிரியில் புல்வெளி மீட்கும் ஒரு தளம் வரை, சில கிலோமீட்டர் தூரத்துக்கு 3,200 ரூபாய்! எமரால்டு என்கிற ஊரின் கடைவீதியில் நின்ற ஜீப் ஓட்டுநர் கூசாமல் கேட்ட தொகை இது. "அந்தப் பக்கம் வேறு வண்டி எதுவும் வராதும்மா, நான் ஒருவன்தான் போவேன்" என்றார். பேசிப் பேசி 2,200க்கு இறக்கினேன். கடைசிப் பகுதியைத் தவிர முழுவதும் நல்ல தார்ச்சாலை. திரும்பும்போது தேநீர்க் கடைக்காரர், உள்ளூர்க்காரர்கள் 1,200தான் கொடுப்பார்கள் என்றார். வெளியூர் ஆள் என்றதும் ஆயிரம் ரூபாய் கூடுவது அநியாயம். போகிறவர்கள் முதலில் தேநீர்க் கடையில் விசாரித்துவிட்டு வண்டிக்காரரிடம் போங்கள்.

இந்தப் பயணம் என் அண்ணன் மகளுக்காக. கோவையில் இளங்கலை வேளாண்மை முடிக்கப் போகிறாள். மண்ணில் கார்பன் எப்படிச் சேர்கிறது என்று படிக்க ஆசைப்படுகிறாள். வீட்டில் எல்லோரும் வங்கித் தேர்வு எழுதச் சொல்கிறார்கள். என் கல்லூரித் தோழி நீலகிரியில் புல்வெளி மீட்புப் பணியில் ஆய்வாளராக இருக்கிறாள். "பேசிக்கொண்டிருப்பதைவிட அழைத்து வா, ஒரு நாள் மண் தோண்டிப் பார்க்கட்டும்" என்றாள். வனத்துறை அனுமதி உள்ள தளம் என்பதால் தைரியமாகக் கிளம்பினோம்.

வழி, தங்குமிடம், செலவு என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முதலில் பஸ். சொந்த வண்டியில் போனால் இ-பாஸ் எடுக்க வேண்டும், பஸ்ஸில் போனால் வேண்டாம். ஆனால் எங்களுக்கு வாய்த்த பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி பாதியில் சிக்கி நின்றது, கீழும் இறங்கவில்லை, மேலும் ஏறவில்லை. குன்னூர் மலைப்பாதையில் மழை பிடித்துக்கொண்டது. இடது தோள் முழுக்க நனைந்து, ஊட்டியில் இறங்கும்போது பல் தந்தியடித்தது. நடத்துநரிடம் சொன்னால், "டெப்போவில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்" என்றார். மலைக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலை மூட முடியாதது சிறு குறை அல்ல. முதியவர்களும் கைக்குழந்தைகளும் ஏறுகிற வண்டி அது.

இதே நீலகிரியின் அவலாஞ்சி பக்கம் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது பலருக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்ட மழையை வாங்கிப் பிடித்து, கோடையில் ஓடையாக விடுகிற வேலையைச் செய்பவை இந்த மலைகளின் பள்ளங்களில் அடர்ந்திருக்கும் சோலைக்காடும் மேட்டுப் புல்வெளியும். ஊட்டியிலுள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் கிளென்மார்கனில் பல ஆண்டுகள் அளந்து பார்த்தது. புல்வெளியில் கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், நட்டபோது நட்டு வெட்டுகிற முதல் சுற்றிலேயே நீர்வரத்து ஏறத்தாழ 16 சதவீதம் குறைந்தது. வெறும் மேடாகக் கிடக்கிறதே, மரம் நட்டால் நல்லதுதானே என்கிற எண்ணத்துக்கு இந்த ஒரு எண் போதுமான பதில்.

தளத்தில் கால் வைத்தவுடன் கண்ணில் பட்டவை வெட்டிப்போட்ட சீகை, அதாவது வாட்டில், மரங்கள்தான். ஆஸ்திரேலியாவிலிருந்து வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த மரம். தோல் பதனிடும் பட்டைக்காகச் சுதந்திரத்துக்குப் பிறகும் பெருமளவில் நட்டார்கள். பிறகு அது நடாமலே பரவியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்நிலைப் புல்வெளிகளில் 1973க்கும் 2017க்கும் இடையில் சுமார் 340 சதுர கிலோமீட்டர், அதாவது 23 சதவீதம், அயல் மரங்களிடம் போயிருப்பதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணக்கிட்டிருக்கிறார்கள். வெட்டினால் போய்விடுமா? இதன் விதை பல ஆண்டுகள் மண்ணுக்குள் உயிரோடு காத்திருக்கும். மரம் சாய்ந்து வெயில் பட்டதும் ஆயிரக்கணக்கில் முளைக்கும். ஒவ்வொன்றாகக் கையால் பிடுங்க வேண்டும், அதுவும் ஆண்டுக்கு ஆண்டு. பக்கத்துப் புல்வெளியிலிருந்து புல்லைக் கற்றையாகப் பெயர்த்து, பிரித்து, நாற்றங்காலில் வளர்த்து, அந்த இடத்தில் நடுகிறார்கள்.

இதையெல்லாம் முன்னின்று செய்பவர் உள்ளூர்க்காரர். குழுவில் எல்லோரும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பூக்காத புல்லையும் இலையைத் தடவியே இன்னதென்று சொல்லிவிடுகிறார். என் அண்ணன் மகள் தாவரவியல் கையேட்டைப் புரட்டி முடிப்பதற்குள் அவர் நான்கு வகையைப் பிரித்து வைத்துவிட்டார். அவருக்குத் தினக்கூலி. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆய்வின் கண்ணும் கையுமாக இருக்கிறவருக்கு மாதச் சம்பளமும் ஆய்வறிக்கையில் பெயரும் கிடைக்க வேண்டும்.

அப்புறம் மண். குழாய் போன்ற கருவியை அடித்து இறக்கி, 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு எடுத்தார்கள். வெளியே வந்தது கன்னங்கரேலென்று, கையில் எடுத்தால் கனமே தெரியாத மண். புல்லின் வேர் ஓயாமல் செத்துச் செத்துப் புதிதாக வருகிறது. குளிரிலும் ஈரத்திலும் அது மெதுவாகத்தான் மட்குகிறது. இந்த மண்ணிலுள்ள அலுமினியம் மட்கைப் பிடித்துவைத்துக்கொள்வதால் நுண்ணுயிர்களால் அதை எளிதில் தின்ன முடிவதில்லை. தீ வந்தால் புல்லின் மேல்பகுதி கருகும், கீழே இருக்கும் கார்பனில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். மரத்தில் சேரும் கார்பனோ பெரும்பாலும் தரைக்கு மேலே, வெட்டுக்கும் நெருப்புக்கும் எட்டுகிற உயரத்தில் நிற்கிறது.

"அத்தை, அப்படியானால் இந்தப் புல்வெளி மனிதன் காட்டை அழித்து உண்டானது இல்லையா?" என்று கேட்டாள் என் அண்ணன் மகள். தோழி முகம் மலர்ந்துவிட்டது. வெப்பநாட்டுப் புற்களும் மரங்களும் கார்பன்-13 என்கிற ஐசோடோப்பை, அதாவது சற்றே கனமான கார்பன் அணுவை, வெவ்வேறு அளவில் எடுத்துக்கொள்கின்றன. அதனால் மட்கின் கார்பனை அளந்தால், அங்கே அந்தக் காலத்தில் நின்றது புல்லா மரமா என்று தெரிந்துவிடும். சூழலியலாளர் ராமன் சுகுமாரும் அவருடன் பணியாற்றியவர்களும் நீலகிரியின் சதுப்பு மட்கை இப்படி ஆராய்ந்து, சுமார் 20,000 ஆண்டுக் காலப் பதிவை 1993இல் நேச்சர் அறிவியல் இதழில் வெளியிட்டார்கள். மனிதன் காட்டை அழித்ததால் அல்ல, காலநிலை மாற மாற, புல்லும் காடும் மாறி மாறி இங்கே இருந்திருக்கின்றன. இந்தப் புல்வெளிகளை இனியும் தரிசு என்று எழுதும் கோப்புகளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

மதியச் சாப்பாட்டை எழுதாமல் விட முடியாது. எமரால்டில் ஒரு படுகர் சமூகத்து வீட்டில் சொல்லிவைத்திருந்தார்கள். சுடச்சுட ராகிக் களி, உருளைக்கிழங்கு சேர்த்த அவரைக் குழம்பு, மேலே ஒரு கரண்டி நெய். அவரை வாயில் வைத்ததும் கரைந்தது. குழம்பில் மசாலா வாடை முன்னால் வராமல் அவரையின் மணமே முன்னால் வந்தது. அந்தக் குளிரில் அந்தக் களி உள்ளே இறங்கியபோதுதான் பஸ்ஸில் நனைந்த தோள் சூடானது. ஆளுக்கு 90 ரூபாய், இரண்டாவது முறை குழம்புக்குக் காசு இல்லை. ஊட்டி விடுதியில் காலையில் 160 ரூபாய்க்கு ஆறிப்போன பூரி தின்ற வயிறு இந்த வீட்டை வாழ்த்தியது.

சாப்பிட்டபடியே வேலை பற்றிப் பேசினோம். வேதியியலும் கணக்கும் இல்லாமல் இந்தத் துறை இல்லை என்றாள் தோழி. ஒரு கன சென்டிமீட்டர் மண்ணின் எடை 0.8 கிராம் என்று வைத்துக்கொண்டால், 30 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு ஹெக்டேருக்கு 2,400 டன் மண். கார்பன் அளவில் 0.1 சதவீதம் பிசகினால் 2.4 டன் கார்பன் பிழை. அதை கார்பன் டை ஆக்சைடாக மாற்றினால் கிட்டத்தட்ட 8.8 டன். இந்தக் கணக்கை வைத்துத்தான், சேர்த்த கார்பனுக்கு விலை வைத்து விற்கிற கார்பன் சந்தையில் பணம் புரள்கிறது. மண்ணின் கார்பனை ரசாயனம் கொண்டு அளக்க 1934இல் வந்த வாக்லி-பிளாக் முறைதான் இன்றும் பல ஆய்வகங்களில் வழக்கம். அது கார்பன் முழுவதையும் எட்டாது. மண்ணை எரித்து அளக்கும் உலர் எரிப்புக் கருவி துல்லியமானது, விலையும் அதிகம். அளவீட்டைச் சரிபார்க்கத் தெரிந்த ஆள் தனியார் நிறுவனங்களுக்கும் தேவை. செயற்கைக்கோள் படம் படிப்பவர், புள்ளியியலாளர், நாற்றங்கால் நடத்துபவர் என்று இடம் பல.

சம்பளத்தையும் கேட்டேன். நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் தேறி ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆய்வு உதவித்தொகை, பெறும் மாணவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், பிறகு முதுநிலையான எஸ்.ஆர்.எஃப். ஆனால் 42,000. தேர்வு இல்லாமல் திட்டப் பணியில் சேர்ந்தால் அதைவிடக் குறைவு. பணம் சில மாதம் தாமதமாக வரும், அதற்குள் வீட்டு வாடகை வந்துவிடும். இதைவிட எனக்கு உறுத்துவது திட்டத்தின் காலம். பெரும்பாலும் மூன்றாண்டு. மண்ணில் கார்பன் கூடியதா என்று உறுதியாகச் சொல்ல அது போதவே போதாது. இடத்துக்கு இடம் உள்ள வேறுபாடே, ஓரிரு ஆண்டில் வரும் மாற்றத்தைவிடப் பெரிது. இதே மலையில் குறிஞ்சி 2018இல் பூத்தது, அடுத்து 2030இல் பூக்கும். ஒரு பூப்பிலிருந்து அடுத்த பூப்பு வரையாவது ஒரே ஆள் ஒரே தளத்தில் அளக்கும்படி நிரந்தரப் பணியிடங்கள் வேண்டும். இந்த மலைகளில் வாழும் வரையாட்டைக் காக்க அரசு 25 கோடி ரூபாயில் திட்டம் போட்டது நல்ல காரியம். 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் இருந்தன. அவை மேய்வது இந்தப் புல்லைத்தானே? புல்லையும் மண்ணையும் காக்கிறவர்களுக்கும் அதே அளவு நிலையான பணம் வேண்டும்.

செலவு: இருவருக்கும் கோவையிலிருந்து போய்வர, விடுதி, சாப்பாடு, ஜீப் எல்லாம் சேர்த்து 6,400 ரூபாய். ஜீப் நியாயமாக இருந்திருந்தால் 5,400. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அந்தப் பக்கம் போக வேண்டாம். ரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு உப்பும், முழங்கால் வரை காலுறையும் அவசியம். தளத்தில் கழிப்பறை கிடையாது. பெண்கள் வேலை செய்யும் இடத்தில் ஒரு தற்காலிக ஏற்பாடுகூட இல்லாததைத் தோழியிடம் நேராகவே சொன்னேன். அடுத்த நிதிக் கோரிக்கையில் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அண்ணன் மகள் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.ஏ.ஆர்.) முதுகலை நுழைவுத் தேர்வுக்குப் புத்தகம் வாங்கிவிட்டாள், மண்ணியல்தான் எடுக்கப் போகிறாள். அண்ணனிடம் பேசுவது என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை போகிறேன், 37,000 ரூபாய்க் கணக்கையும் தாமதமாக வரும் மாதங்களையும் இரண்டையும் மறைக்காமல் சொல்வேன்.