ரெதோனின் குதிரை

மார்ச் 4, செவ்வாய்

ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வெள்ளிக்கிழமைதானாம்.

மார்ச் 5, புதன்

தூக்கம் வரவில்லை. பிரெஞ்சு ஓவியர் ஒதிலோன் ரெதோனின் ‘பயம்’ என்ற எட்சிங்கை, செப்புத் தகட்டில் கீறி அச்செடுத்த படத்தை, திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். 1866இல் செய்தது. பாறைகளுக்கு நடுவே குதிரை மிரண்டு நிற்கிறது, மேலே ஒரு ஆள். எதிரில் பேயும் இல்லை, மிருகமும் இல்லை. குதிரையின் உடம்பில் மட்டும்தான் பயம் இருக்கிறது. பிரான்ஸின் மேதோக் சமவெளியில் வளர்ந்த மனிதருக்கு இந்தப் பாறைகள் எங்கிருந்து வந்தன?

மார்ச் 6, வியாழன்

அம்மா இரண்டு இட்லி சாப்பிட்டாள். படத்தை எட்டிப் பார்த்து, “அந்த ஆளுக்குப் போக வேற வழி இல்லையாடா?” என்றாள்.

மார்ச் 7, வெள்ளி

வரவில்லை. திங்கள் டாக்டரையே பார்க்கச் சொல்லிவிட்டார்கள். போனில் ஒரு வார்த்தை சொன்னால் என்ன? கோபத்தில் கை நடுங்குகிறது.

இரவு முழுக்க ரெதோன்தான். பாரிஸில் ஓவியர் ழெரோமின் ஸ்டூடியோ ஒத்துவராமல் சொந்த ஊரான போர்தோவுக்குத் திரும்பியவருக்கு எட்சிங் கற்றுக்கொடுத்தது ரொதோல்ஃப் ப்ரெஸ்தான், வறுமையிலேயே கிடந்த ஒரு அபூர்வமான கலைஞர், 1865இல் செய்த ‘ஆற்றுத்துறை’ தகட்டில் ரெதோன் தன்னை ப்ரெஸ்தானின் மாணவன் என்றே பொறித்திருக்கிறார், அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். செப்புத் தகட்டில் மெழுகுப் பூச்சு, ஊசியால் கீறல், அப்புறம் அமிலம். எவ்வளவு நேரம் அமிலத்தில் கிடக்கிறதோ அவ்வளவு ஆழம், அவ்வளவு கறுப்பு. கோடு கோடாகத்தான் இருட்டைச் சேர்க்க முடியும். பின்னால் கரியிலும் லித்தோ என்கிற கல்லச்சிலும் இருட்டை மொத்தமாக அள்ளிப் போட முடிந்தபோதுதான் பலூனாக மிதக்கும் கண், சிரிக்கும் சிலந்தி எல்லாம் வந்தன. பலரும் அவற்றுக்காகத்தான் ரெதோனைக் கொண்டாடுகிறார்கள். எனக்கு இந்தக் குதிரைதான் பெரிது. சிலந்தியைப் பார்த்துவிட்டால் சிலந்தி என்று தெரிந்துவிடுகிறது, இங்கே அதுகூட இல்லை.

மார்ச் 8, சனி

ஒன்றும் இல்லை. மழை.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா வந்தாள். மூன்று பேரும் சிரித்துப் பேசினோம், நல்ல நாள். ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கிக்கொண்டே அம்மா பழைய கதையெல்லாம் சொன்னாள், எனக்கு எதுவும் வேண்டாம், இப்படியே இருந்தால் போதும்.

படுக்கும் முன் ரெதோனின் மற்ற எட்சிங்குகளைத் தேடினேன். ‘காயீனும் ஆபேலும்’, 1886. அதே வருடம்தான் அவருடைய முதல் குழந்தை ழான் பிறந்து சில மாதங்களிலேயே இறந்தது. திறக்காமல் மூடிவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

பதினொரு மணிக்கு டாக்டர். ஆட்டோ சொல்லியாகிவிட்டது. பழைய ஸ்கேன் எல்லாவற்றையும் பையில் வைக்கணும்.